தோத்தா ஊட்டுக்கு வரணும்

இட்டார்சி பக்கம், மத்தியப் பிரதேசம்
22.1.1996

ராசாத்தி கண்ணுக்கு, மருதாசலம் எழுதுவது.

நான் நல்ல சுகம். உனக்குத் தலைவலி விட்டதா? நம் பாப்பா லோகப்பிரியா ஒழுங்காய்ப் பள்ளிக்கூடம் போகிறாளா? பொங்கலுக்கு நான் வரவில்லை என்று நீ கோபத்தில் இருப்பாய். நான் என்ன செய்யட்டும், போர்வெல் போடுகிற ரிக் வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேதான் டிரில்லரும் நிற்க வேண்டும். திருச்செங்கோட்டு முதலாளி ஒரு காட்டில் தண்ணீர் வருவதற்குள் அடுத்த காட்டுக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறார்.

நாக்பூரில் நம்மூர் லாரிக்காரர் ஒருவர் அகப்பட்டார். அவர் கையில் பாப்பாவுக்கு ஒரு சாமான் கொடுத்து விட்டிருக்கிறேன். பிரிக் கேம் என்று பேர். சோப்பு டப்பாவை விடக் கொஞ்சம் நீளம், மேலே சின்னக் கண்ணாடி. அதில் மேலிருந்து கட்டை கட்டையாக விழும். இடது கையால் நகர்த்தணும், வலது கட்டைவிரலால் பெரிய பொத்தானை அமுக்கித் திருப்பணும். ஒரு வரிசை சந்தில்லாமல் நிரம்பினால் அழிந்துபோகும். சந்து விட்டால் கட்டை அடுக்கிக்கொண்டே மேலே வந்து ஆட்டம் முடிந்துவிடும். முன்னே சிங்கப்பூர்க்காரர் ஊட்டில் பார்த்தோமே, கூடை வைத்து முட்டை பிடிக்கிற பொம்மை, அதில் அந்த ஒரே ஆட்டம்தான். இதன் மூடியில் ஆயிரக்கணக்கில் ஆட்டம் என்று போட்டிருக்கிறான். பார்த்தால் பத்துக்கு மேல் தேறவில்லை. மற்றதெல்லாம் வேகத்தைக் கூட்டி வேறு நம்பர் போட்டு ஏமாற்றியிருக்கிறான், திருடன்!

இங்கே பாறை வந்துவிட்டால் ஷிப்டு முடிந்தும் தூக்கம் வராது. அதனால் எனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

மருதாசலம்


வெள்ளகோவில்
11.2.1996

மாமாவுக்கு, ராசாத்தாள் வணக்கத்துடன் எழுதுவது.

நானும் பாப்பாவும் சுகம். அந்தக் குளிருக்குப் போர்த்திக்கொள்ள ஏதாவது வாங்கினீர்களா இல்லையா? சாமான் வந்தது. பாப்பாவுக்குக் கவுன் கேட்டிருந்தேன், டப்பா வந்திருக்கிறது. உங்களையும்தான் கேட்டிருந்தேன், அதற்கும் டப்பாதான் வந்திருக்கிறது.

அண்ணன் வந்திருந்தார். கோயம்புத்தூர் கணபதியில் அவருடைய கம்ப்ரஸர் பட்டறை பெரிதாகிவிட்டதாம். "மாப்பளையாட்டம் கம்ப்ரஸர்கூடவே கெடந்து பழகின ஆளு எனக்கு வேணும் ராசாத்தி. பட்டறைக்குப் பின்னாலயே ஊடு காலியாத்தான் இருக்குது. மூணு பேரும் வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இதை அவர் தயவாகச் சொல்லவில்லை. ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்.

எனக்கு வளைத்து எழுதத் தெரியாது. நீங்கள் வர வேண்டும். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் நாம் ஒன்றாக இருந்ததைச் சேர்த்தால் இரண்டு வருஷம் தேறுமா? பாப்பா உங்களைப் போட்டோவில் பார்ப்பதுதான் அதிகம்.

அந்த டப்பாவைப் பாப்பா நாலு நாளில் தூக்கிப் போட்டுவிட்டாள். அணைத்து வைக்கலாம் என்றுதான் நான் கையில் எடுத்தேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. ஏழாயிரம் வந்தது. அது நல்லதா, மட்டமா?

பதில் போடுங்கள்.

ராசாத்தாள்


இட்டார்சி பக்கம்
3.3.1996

ராசாத்தி கண்ணுக்கு,

சுகம். அங்கும் எல்லோரும் சுகமாக இருக்கணும். குழம்பு விஷயத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் எங்கள் சமையல்கார ராமுலு அண்ணன் கரண்டியோடு ஓடிவந்துவிட்டார். ஏழாயிரமா! அம்மணி, நான் எண்பத்திநாலாயிரம் வைத்திருக்கிறேன். இந்த ரிக்கில் என்னைத் தொட ஆளில்லை. பக்கத்து ரிக்கிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

மச்சான் தங்கமான மனுஷன், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெண்டாட்டி ஊட்டுப் பட்டறையில் போய் நின்றால் ஊரில் என்ன பேசுவார்கள்? தவிர, கன்னிமார் கோயிலில் பூவாக்குக் கேட்டோம், வெள்ளைப் பூ வந்தது, அதற்கப்புறம்தானே ரிக்குக்கு வந்தேன். சாமி போ என்று சொல்லி வந்தவன், நானாக எப்படித் திரும்புவது?

சரி, உனக்காக ஒன்று சொல்கிறேன். என் எண்பத்திநாலாயிரத்தை நீ தாண்டு. தாண்டிவிட்டால் மறுபேச்சில்லை, பெட்டியைக் கட்டிவிடுகிறேன். தோத்தா ஊட்டுக்கு வரணும். சரிதானே? ராமுலு அண்ணன் "பாவம்ப்பா அந்தப் புள்ள, நடக்கற காரியமாச் சொல்லு" என்கிறார்.

பாப்பாவுக்கு முத்தம்.

மருதாசலம்


வெள்ளகோவில்
24.3.1996

மாமாவுக்கு,

நாங்கள் சுகம். வெயில் ஏறுகிறது, தலையில் துண்டு இல்லாமல் நிற்காதீர்கள். பந்தயத்தை ஒப்புக்கொண்டேன். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று பிறகு சொல்ல முடியாது, உங்கள் கடிதம் என் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை மறந்துபோய்ப் பந்தயம் கட்டிவிட்டீர்கள், மாமா. தறிப்பட்டறையில் ஓடுகிற தறியில் நூல் அறுந்தால், கண் பார்ப்பதற்குள் விரல் முடிச்சுப் போட்டிருக்கும். அந்த விரல்தான் இப்போது உங்கள் பொத்தான் மேல் இருக்கிறது. இருபத்தைந்தாயிரம் வந்துவிட்டது. நீட்டுக் கட்டைக்காக ஓரத்தில் ஒரு சந்து விட்டு வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே கண்டுபிடித்தேன்.

பாப்பாவை அழைத்துக்கொண்டு கணபதிக்குப் போய் அந்த ஊட்டைப் பார்த்து வந்தேன். வேப்பமரம் இருக்கிறது, தண்ணீர்க் குழாய் உள்ளேயே இருக்கிறது. பட்டறைக்கு வந்த ஒரு மில்காரரின் மகள் கையில் கேம் பாய் என்று ஒன்று வைத்திருந்தாள். நம்முடையது மாதிரி இல்லை. பின்னால் ஒரு சின்னச் சில்லு சொருக வேண்டும். அதை மாற்றினால் ஆட்டமே மாறிவிடுகிறது, ஒன்றில் ஒரு குட்டி மனுஷன் குதித்துக் குதித்துப் போகிறான், பாட்டுக்கூட வருகிறது! அடுத்தது கலரில் வரப்போகிறது என்று அந்தப் பெண் சொன்னாள். எனக்குக் கலர் வேண்டாம். ஆனால் ஒன்றைப் பார்த்து வயிறு எரிந்தது. இரண்டு கேம் பாய்க்கு நடுவில் ஒரு ஒயர் மாட்டி, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடலாமாம். ஒருத்தர் வரிசையை அழித்தால் அது அடுத்தவர் தலையில் போய் விழுமாம். நமக்கு அந்த ஒயர் தபால்காரர்தான்.

ஏமாந்து உட்கார்ந்திருக்காதீர்கள். நான் வந்துகொண்டிருக்கிறேன்.

ராசாத்தாள்


வெள்ளகோவில்
30.6.1996

மாமாவுக்கு,

பாப்பா சுகம். நான் சுகமில்லை. சித்திரையில் ஒன்று, வைகாசியில் ஒன்று என்று கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதிலில்லை. திருச்செங்கோட்டு ஆபீசுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டேன். "எல்லாரும் நல்லாத்தானுங்க இருக்கறாங்க" என்று வைத்துவிட்டார்கள்.

கோபம் இருந்தால் திட்டியாவது எழுதுங்கள். நான் ஜெயித்துவிடுவேன் என்று பயமா? அந்தப் பயம் நியாயம்தான். போன வெள்ளிக்கிழமை எண்பத்தைந்தாயிரம் தாண்டினேன். கண்ணால் பார்த்தேன் மாமா! கத்தின கத்தலில் பக்கத்து ஊட்டு வெங்கடம்மாள் அக்கா பாம்பு என்று நினைத்துத் தடியோடு வந்துவிட்டார். காலையில் பார்த்தால் டப்பா செத்துக் கிடக்கிறது. சுவர்க் கடிகாரம் நின்றுபோயிருக்க, நம் பாப்பா பேட்டரிக் கட்டையைக் கழற்றி அதில் போட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடுமாம்! கட்டையைக் கழற்றினால் உள்ளே இருக்கிற கணக்கெல்லாம் அழிந்துவிடும், உங்களுக்குத் தெரியும். அவளை அடிக்கவும் முடியவில்லை, உட்கார்ந்து அழுதேன்.

நம்பினால் நம்புங்கள். இல்லாவிட்டால் நம்பவில்லை என்றாவது ஒரு வரி போடுங்கள்.

ராசாத்தாள்


இட்டார்சி பக்கம்
21.7.1996

ராசாத்திக்கு,

மருதாசலம் சொல்ல ராமுலு எழுதுவது. நான் சௌக்கியம். நீயும் பாப்பாவும் சௌக்கியமாக இருக்கவும். வேலை அதிகம், உட்கார்ந்து எழுத நேரமில்லை, அதனால் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். வேறொன்றுமில்லை. இப்போது எனக்குக் கூடாரத்துப் பக்கம் வேலை, வெயிலில்லை.

நீ தாண்டியதாகவே வைத்துக்கொள். நானும் முன்போல் ஆடுவதில்லை. மூவாயிரம் வந்தால் அதிகம். நீட்டுக் கட்டை வந்தால் திரும்ப மாட்டேன் என்று நட்டுக்குத்தலாக வந்து இறங்குகிறது. ஆனால் கண்ணால் பார்த்த சாட்சி இல்லையே, ஆகையால் பந்தயம் முடிந்ததாகாது. ஊருக்கு வருவது பற்றித் தீபாவளிக்கு மேல் பார்க்கலாம். மச்சானிடம் எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடு.

மருதாசலம்


வெள்ளகோவில்
4.8.1996

மாமாவுக்கு,

பாப்பா சுகம். ராமுலு அண்ணன் கையெழுத்து நன்றாக இருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எண்பத்திநாலாயிரம் போட்ட ஆளுக்கு மூவாயிரம் எப்படி வரும்? மூளை மழுங்கிவிட்டதா? நீட்டுக் கட்டை திரும்பவில்லை என்றால், திருப்புகிற பொத்தானை நீங்கள் அமுக்கவில்லை என்று அர்த்தம். அது வலது கட்டைவிரல் பொத்தான். பேனா பிடிக்கிறதும் அதே விரல். நல்ல டிரில்லரைக் கூடாரத்துப் பக்கம் எந்த முதலாளி உட்கார வைப்பான்?

என் கட்டைவிரலை மடக்கித் துணியால் கட்டிக்கொண்டு ஆடிப் பார்த்தேன். எனக்கும் மூவாயிரம்தான் வந்தது.

மாமா, உங்கள் வலது கைக்கு என்ன ஆச்சு? ராமுலு அண்ணனிடம் கொடுக்காதீர்கள். கோணல் மாணலாக இருந்தாலும் நீங்களே எழுதுங்கள். என்னிடம் மறைத்து உங்களுக்கு என்ன கிடைக்கப்போகிறது?

ராசாத்தாள்


இட்டார்சி பக்கம்
25.8.1996

ராசாத்தி,

இடது கையில் எழுதுகிறேன். ஒரு வரிக்கு ஒரு பீடி நேரம் ஆகிறது.

சித்திரைக் கடைசியில் ராடு மாட்டும்போது ஸ்பேனர் நழுவியது. கட்டைவிரல் நசுங்கிப்போனது. ஆஸ்பத்திரியில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். புண் ஆறிவிட்டது. வலி இல்லை. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று ஆபீசில் நான்தான் கேட்டுக்கொண்டேன்.

முழுக் கை இருந்தபோதே மச்சான் கூப்பிட்டு வரவில்லை. இப்போது விரல் போனதும் போய் நின்றால், கதியில்லாமல் வந்தான் என்றுதானே பேசுவார்கள்? நீயும் பாப்பாவும் அதைக் கேட்க வேண்டுமா? இங்கே காவலுக்கு இருக்கிறேன். என்னைக் கூப்பிடாதே கண்ணு.

நீ கட்டைவிரலைக் கட்டிக்கொண்டு ஆடியதை ராமுலு அண்ணன் படித்துச் சொன்னார். பாதியில் நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். மீதியை நானே படித்தேன்.

மருதாசலம்


வெள்ளகோவில்
22.9.1996

மாமாவுக்கு,

சாப்பிட, துணி உடுத்த யாராவது உதவுகிறார்களா? உங்கள் கோணல் எழுத்தைப் பார்த்து ஒரு நாள் பூராவும் அழுதேன். மறுநாள் எழுந்து முகத்தைக் கழுவிவிட்டுக் கன்னிமார் கோயிலுக்குப் போனேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் வைத்தாயிற்று. எடுக்கிறதற்குப் பாப்பா கையை நீட்டினாள். அப்போது எனக்குத் தோன்றியது, சிவப்பு வந்தால் நான் என்ன செய்வேன்? சரியென்று உங்களை அங்கேயே விட்டுவிடுவேனா? மாட்டேன். அப்புறம் எதற்குக் கேட்க வேண்டும்? பொட்டலத்தைப் பிரித்து இரண்டு பூவையும் சாமிக்கே சாத்திவிட்டு வந்துவிட்டேன். சாமி கோபித்துக்கொள்ளாது, கன்னிமாரும் பொம்பளைகள்தானே.

சாட்சி கேட்டீர்கள் அல்லவா, கேளுங்கள். செவ்வாய்க்கிழமை பட்டறையில் கரண்ட் போய்விட்டது. தறியெல்லாம் நின்றுவிட்டது. நான் டப்பாவை எடுத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தேன். விஷயம் எல்லோருக்கும் தெரியும், என்கூடத் தறி ஓட்டுகிற வெங்கடம்மாள் அக்கா சொல்லி வைத்திருந்தார். ஐம்பதாயிரம் வரைக்கும் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள். அறுபதுக்கு மேல் கட்டை கண்ணுக்கே தெரியாத வேகத்தில் விழுகிறது, எல்லோரும் சுற்றி நெருங்கி வந்துவிட்டார்கள். எழுபதைத் தாண்டும்போது கரண்ட் வந்துவிட்டது! சூப்பர்வைசர் வரதராஜுலு எழுந்து சுவிட்சுப் பக்கம் போனார். வெங்கடம்மாள் அக்கா போட்ட சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது: "ஏனுங்க சூப்பர்வைசரு! எவனாச்சும் தறிய ஓட்டினீங்க, கைய ஒடிச்சுப்போடுவேன்! அந்தப் புள்ள புருசன ஊட்டுக்குக் கூட்டியாந்துட்டிருக்குது, சித்த பேசாம நில்லுங்க!" அந்த மனுஷன் அப்படியே நின்றுவிட்டார்.

ஓரத்துச் சந்தில் நீட்டுக் கட்டை இறங்கியது. நாலு வரிசை ஒன்றாக அழிந்தது. எண்பத்தைந்தாயிரம். என்னைத் தூக்கிச் சுற்றாத குறைதான். "நிறுத்தாத, நிறுத்தாத!" என்று கத்துகிறார்கள். தொண்ணூற்றோராயிரத்தில்தான் முடிந்தது. வரதராஜுலு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நம்பரைச் சத்தமாகப் படித்தார். கீழே அவரும் அக்காவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மூவாயிரத்தை நான் தாண்டவில்லை, மாமா. விரல் நன்றாக இருந்தபோது நீங்கள் வைத்த எண்பத்திநாலாயிரத்தைத் தாண்டியிருக்கிறேன். இரண்டு கையும் திடமாக இருந்த மருதாசலத்தை நேராக ஜெயித்திருக்கிறேன். இனிமேல் ஊரையும் அண்ணனையும் விரலையும் இதில் இழுக்காதீர்கள். தோத்தா ஊட்டுக்கு வரணும். நீங்களே போட்ட பந்தயம்.

ராசாத்தாள்

சாட்சி: கோ. வரதராஜுலு
சாட்சி: வெங்கடம்மாள்


இட்டார்சி பக்கம்
10.10.1996

ராசாத்தி கண்ணுக்கு,

சுகமாக இருக்கிறேன். பொய்யில்லை, நிஜமாகவே சுகமாக இருக்கிறேன். இடது கை கொஞ்சம் பழகிவிட்டது பார்.

உன் கடிதத்தை ராமுலு அண்ணன் எல்லோருக்கும் நடுவில் நின்று படித்தார். கரண்ட் வந்த இடத்தில் டிரில்லர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். தொண்ணூற்றோராயிரம் என்றதும் விசில் அடித்தார்கள். "உம்பட பொண்டாட்டி பேர்ல இன்னிக்கி கேசரி" என்று அண்ணன் அடுப்பு மூட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை மாசத்துக்கு அப்புறம் அழுதேன் தெரியுமா? விரல் போன அன்றைக்குக்கூட அழவில்லை.

தோற்றேன் அம்மணி. பேசினால் பேசினதுதான். முதலாளியிடம் சொல்லிவிட்டேன். தீபாவளிக்கு முன்னால் ரயிலேறி ஈரோட்டில் வந்து இறங்குகிறேன். மச்சானிடம் வேப்பமரத்து ஊட்டை வேறு யாருக்கும் விட வேண்டாம் என்று சொல்.

ஒரே ஒரு உதவி செய். ஊரில் யார் கேட்டாலும் கான்ட்ராக்ட் முடிந்தது, வந்துவிட்டார் என்று சொல்லிவிடு. மற்றதை ஒருத்தருக்கும் சொல்லாதே. எனக்காக இது ஒன்று மட்டும்.

மருதாசலம்


வெள்ளகோவில்
20.10.1996

மாமாவுக்கு,

நாங்கள் ரொம்பச் சுகம். இப்படி ஒரு சுகத்தைக் கல்யாணமான நாளிலிருந்து எழுதியதில்லை. பாப்பா தினமும் காலண்டரைப் புரட்டிப் பார்க்கிறாள். வேப்பமரத்து ஊட்டுக்கு அண்ணன் வெள்ளையடித்துவிட்டார். "மாப்பளைய ஒடனே பட்டறையில நிறுத்த மாட்டேன், ஒரு வாரம் உன்ற கையால சாப்புட்டு ஒடம்பத் தேத்தட்டும்" என்கிறார். அவருக்கு வேண்டியது கம்ப்ரஸர் கோளாறு தெரிந்த உங்கள் காதும் கண்ணும்தான். பத்து விரலையும் அவர் எண்ணிப் பார்க்கப்போவதில்லை.

நீங்கள் கேட்ட உதவியை மட்டும் செய்ய முடியாது. ஏனென்றால் ஊர் பூராவும் சொல்லியாகிவிட்டது. தறிப்பட்டறை ஆரம்பித்து வைத்தது, பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தக்காளி விற்கிற அம்மா என்னைப் பார்த்து, "நீதானா அம்மணி அது? எத்தனாயிரம்?" என்று கேட்டு இரண்டு தக்காளி கூடப் போட்டார்.

கோபப்படாதீர்கள். யோசித்துத்தான் சொன்னேன். கான்ட்ராக்ட் முடிந்தது என்று சொன்னால் உங்கள் கையைப் பார்த்ததும் ஊரே ஆளுக்கொரு கதை கட்டியிருக்கும். இப்போது அதற்கு இடமில்லை. விரல் போய்க் கதியில்லாமல் வந்தவன் என்று ஒருத்தரும் சொல்லப்போவதில்லை. பெண்டாட்டியிடம் பிரிக் கேமில் தோற்று, சொன்ன சொல்லுக்காக வந்தவன் என்றுதான் சொல்வார்கள். ஈரோட்டு ஸ்டேஷனுக்கு நானும் பாப்பாவும் வருகிறோம். வெங்கடம்மாள் அக்காவும் வருகிறாராம், வேண்டாம் என்றால் கேட்கவா போகிறார்.

அந்தப் பேர் உங்களுக்குப் பிடிக்காவிட்டால் ஒரே வழிதான் இருக்கிறது. இடது கையால் பழகி என்னைத் தாண்டுங்கள். ஆனால் நேற்று நான் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டேன். ரொம்பக் காலம் என் கூடவே இருக்க வேண்டியிருக்கும்.

பார்த்து வாருங்கள்.

உங்களை ஜெயித்தவள்,
ராசாத்தாள்